நகரத்துக்கு வைத்தியம் பார்த்தவர்

1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்த ஜெர்மானியப் போர்க்கப்பல், தமிழுக்கு ஒரு புதுச் சொல்லைக் கொடுத்துவிட்டுப் போயிற்று. சாமர்த்தியக்காரனை 'எம்டன்' என்று சொல்லும் வழக்கம் எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் இன்றும் உண்டு. அதே எம்டன், அடுத்த மாதம் 16-ஆம் தேதி மினிகாய்த் தீவுக்கு அப்பால் 'கிளான் கிராண்ட்' என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. அக்கப்பலோடு கடலுக்குள் போனவற்றுள், உலக நகரங்களின் வரைபடங்களும் படங்களும் அடங்கிய பெரியதொரு கண்காட்சியும் ஒன்று. முந்தைய ஆண்டு பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பரிசு பெற்ற கண்காட்சி அது. சென்னை மாகாண ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின்பேரில் அதை இந்தியாவுக்கு அனுப்பியவர் வேறொரு கப்பலில் வந்து சேர்ந்தார். அப்போதுதான் அறுபது வயது நிறைந்திருந்த அந்த ஸ்காட்லாந்துக்காரரின் பெயர் பேட்ரிக் கெடிஸ்.

பல ஆண்டுகள் தேடிச் சேர்த்த செல்வம் கடலடியில் கிடக்க, அவர் ஊர் திரும்பவில்லை. இங்கிலாந்திலிருந்த நண்பர்கள் அவசர அவசரமாக வேறு படங்களைத் திரட்டி அனுப்பினார்கள். 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக செனட் மண்டபத்தில் கண்காட்சி திறக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னுமாக அவர் மாகாணத்தின் ஊர்களைச் சுற்றிப் பார்த்து எழுதிய அறிக்கை அதே ஆண்டில் அரசு அச்சகத்தில் வெளியாயிற்று. காஞ்சிபுரம், தஞ்சாவூர், கோயம்புத்தூர் முதலிய ஊர்களுடன் மதுரையும் அதில் இடம்பெற்றது.

மதுரைக் கல்லூரி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்தவன் நான். எங்கள் பாடத்திட்டம் எத்தனையோ முறை மாறியும் கெடிஸின் பெயர் அதில் ஒருமுறைகூட இடம்பெறவில்லை. நகரமைப்பாளர்கள் அவரைத் தங்கள் துறையின் முன்னோடி என்கிறார்கள். சமூகவியலார் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் சமூகவியல் பேராசிரியராக அவரை நினைக்கிறார்கள். தாவரவியலாருக்கு அவர் டண்டீ நகரப் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1888 முதல் 1919 வரை ஆசிரியராக இருந்தவர். நிலத்தோற்ற வடிவமைப்பாளர் என்னும் தொழிற்பெயரைப் பிரிட்டனில் முதன்முதலாகச் சூட்டிக்கொண்டவர்களுள் அவர் ஒருவர். இத்தனை துறைகள் உரிமை கொண்டாடும் மனிதரைப் பொருளியலார் விட்டுவிட்டது எனக்கு நெடுநாள் வியப்பு. ஏனெனில் அவருடைய தொடக்ககால எழுத்துகளுள் முக்கியமான இரண்டு பொருளியலைப் பற்றியவை.

1854 அக்டோபர் 2-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்ற சிற்றூரில் பிறந்தவர் கெடிஸ். தந்தை படைவீரர். குடும்பம் பெர்த் நகரை ஒட்டிய கினூல் குன்றின் சரிவில் ஒரு தோட்ட வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. உருளைக்கிழங்குப் பாத்தியும் பழமரங்களும் நிறைந்த அந்தத் தோட்டமே அவருக்கு முதற்பள்ளி. குன்றின் உச்சியில் நின்று பார்த்தால் மலை, காடு, மேய்ச்சல் நிலம், வயல், நகரம், ஆறு எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். பிற்காலத்தில் அவர் வகுத்த கோட்பாடு முழுவதும் அந்தக் காட்சியின் விரிவுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்கச் சேர்ந்தவர் ஒரே வாரத்தில் வெளியேறினார். லண்டனில் தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். பட்டம் எதுவும் வாங்கவில்லை. 1879-இல் ஆய்வுக்காக மெக்சிகோ சென்றபோது கண்பார்வை மங்கி, வாரக்கணக்கில் இருட்டறையில் இருக்க நேர்ந்தது. சன்னல் கண்ணாடிகளின் சட்டங்களைத் தடவிப் பார்த்தபடி, ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண்ணத்தை வைத்துப் பார்க்கும் பழக்கம் அப்போது வந்தது. வாழ்நாள் முழுவதும் காகிதத்தை மடித்துக் கட்டங்கள் போட்டுக்கொண்டே இருந்தார். நுண்ணோக்கியில் நெடுநேரம் வேலை செய்ய இயலாமற்போனதால் உயிரியலின் கண்களைக் கொண்டு ஊர்களைப் பார்க்கத் தொடங்கினார் என்றும் சொல்லலாம்.

1884-இல் ஜான் ரஸ்கினைப் பொருளியலாளராகக் கருதி அவர் ஒரு சிறுநூல் எழுதினார். ரஸ்கினைக் கலை விமர்சகர் என்று ஒதுக்கிவிட்ட காலம் அது. தென்னாப்பிரிக்க ரயிலில் ரஸ்கினின் நூலைப் படித்துக் காந்தியடிகள் தம் வாழ்வை மாற்றிக்கொண்டது அதற்கு இருபது ஆண்டுகள் கழித்துத்தான். அதே காலத்தில் எடின்பரோ அரச கழகத்தில் பொருளியலின் அடிப்படைகள் குறித்துக் கெடிஸ் ஒரு கட்டுரை படித்தார். ஒரு நாட்டின் உற்பத்தியைப் பணத்தால் மட்டும் அளந்தால் போதாது என்பது அவர் வாதம். இயற்கையிலிருந்து எவ்வளவு ஆற்றலும் பொருளும் எடுக்கப்பட்டன, வெட்டி எடுப்பதில் எவ்வளவு வீணாயிற்று, ஆலையில் எவ்வளவு, வண்டியில் எவ்வளவு, கடைசியில் மனிதனுக்குக் கிடைத்தது எவ்வளவு என்று படிப்படியாகக் கணக்கெழுத வேண்டும் என்றார். இன்று சூழலியல் பொருளியல் என்று தனித்துறையாகக் கற்பிக்கப்படுவதன் மூலவர்களுள் ஒருவராக அவரை இப்போது குறிப்பிடுகிறார்கள். தஞ்சையில் பிறந்து, தம் கடைசி ஆண்டுகளை எங்கள் மதுரை மாவட்டத்து டி. கல்லுப்பட்டியில் கழித்த ஜே.சி. குமரப்பா 1945-இல் எழுதிய 'நிலைத்த பொருளாதாரம்' பற்றிப் பேசுகிறபோதெல்லாம் எனக்குக் கெடிஸ் நினைவுக்கு வருவார். இருவரும் வேறு வேறு வழியில் ஒரே கேணிக்கு வந்தவர்கள்.

1886-இல் ஆனா மார்ட்டனை மணந்தார். அடுத்த ஆண்டே தம்பதியர் எடின்பரோவின் பழைய நகரில், வசதி படைத்தவர்கள் கைவிட்டுப்போன சேரிக் குடியிருப்பொன்றில் வீடெடுத்துக் குடியேறினார்கள். அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள். சன்னல்களில் பூந்தொட்டி வைத்தார்கள். மிகவும் சிதைந்த ஒன்றிரண்டு கட்டடங்களை மட்டும் அகற்றி முற்றத்துக்கு வெளிச்சம் வரவழைத்தார்கள். பிறகு அதே தெருவின் மேற்கோடியில் இருந்த கோபுரம் ஒன்று 1892-இல் கெடிஸின் கைக்கு வந்தது. உச்சியில் இருட்டறைப் படக்கருவி; அதில் நகரம் முழுவதும் அசையும் படமாக விழும். கீழிறங்க இறங்க ஒரு தளத்தில் எடின்பரோ, அடுத்ததில் ஸ்காட்லாந்து, பிறகு ஐரோப்பா, கடைசியில் உலகம். ஊரைத் தெரிந்துகொண்டு உலகுக்கு வா என்பது ஏற்பாடு.

அந்தக் கோபுரத்திலிருந்து இயங்கிய குழுவொன்று பழைய நகரில் குப்பைமேடாகக் கிடந்த வெற்றிடங்களை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தது. எழுபதுக்கு மேற்பட்ட துண்டு நிலங்கள். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 10 ஏக்கர். அவற்றுள் சில சிறு தோட்டங்களாயின. அவற்றைத் திட்டமிட்டு உருவாக்கியதில் கெடிஸின் மகள் நோராவுக்குப் பெரும் பங்குண்டு. பெரிய பூங்கா ஒன்றை அமைக்கும் வாய்ப்பும் கெடிஸுக்கு வந்தது. ஆண்ட்ரூ கார்னகி தம் சொந்த ஊரான டன்ஃபர்ம்லினுக்கு அளித்த பூங்காவுக்குத் திட்டம் தரும்படி கேட்டார்கள். அவர் 1904-இல் தந்தது ஒரு தடித்த புத்தகம். ஓடையைத் தூய்மை செய்வதில் தொடங்கி ஊரின் வரலாறு, பள்ளி, கைத்தொழில் என்று விரிந்துகொண்டே போயிற்று. பூங்கா கேட்டவர்கள் மிரண்டுபோய் அதை ஏற்கவில்லை. அவருடைய வாழ்க்கையில் இது திரும்பத் திரும்ப நடந்தது.

மலையுச்சியில் தொடங்கிக் கடலில் முடியும் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கை நெடுக்கு வெட்டாக வரைந்து, சுரங்கத் தொழிலாளி, மரம் வெட்டுபவன், வேட்டைக்காரன், இடையன், உழவன், மீனவன் என்று நிலத்துக்கேற்ற தொழிலையும் தொழிலுக்கேற்ற மக்களையும் அதில் நிறுத்திக் காட்டுவது அவர் வழக்கம். இடம், தொழில், மக்கள் என்ற மூன்றையும் பிரிக்கலாகாது என்பார். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நிலத்தையும் அதன் மக்களையும் தொழிலையும் ஒருசேர வகுத்துப் படித்த தமிழர்க்கு இது அந்நியமாகத் தோன்றாது. வருசநாட்டு மலையில் பிறந்து, மதுரைச் சமவெளியில் கண்மாய்களை நிரப்பி, இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு ஏறக்குறைய தன்னை முடித்துக்கொள்ளும் வைகையை அப்படியே அவர் படத்தில் பொருத்திவிடலாம்.

சரி, மதுரைக்கு வருவோம். ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில், 1840-களில், மதுரைக் கோட்டைச் சுவர் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. அங்கே எழுந்தவைதான் வெளி வீதிகள். அந்த விரிவுக்குப் பிறகும் ஊர் பெருகிக்கொண்டே வந்தது. கெடிஸ் வந்த காலத்தில் இந்திய நகராட்சிகளின் பொறியாளர்களிடம் நெரிசலுக்கு ஒரே மருந்துதான் இருந்தது. வரைபடத்தில் அளவுகோலை வைத்து நேர்கோடு இழுப்பது. கோட்டில் அகப்பட்ட வீடுகளை இடிப்பது. இடிபட்ட வீட்டுக்காரர்கள் பக்கத்துத் தெருவில் நெருக்கியடித்துக் குடியேற, நெரிசல் இடம் மாறும், குறையாது. நகராட்சியின் கடன் மட்டும் மிஞ்சும்.

கெடிஸ் நடந்தார். காலையிலும் வெயிலிலும் சந்துசந்தாக நடந்து, ஒவ்வொரு வீடு, கிணறு, மரம், கோயில், பாழ்மனை ஆகியவற்றைப் பெரிய அளவு வரைபடத்தில் குறித்தார். நோயறியாமல் மருந்து கொடுக்கக்கூடாது என்ற மருத்துவ விதியை நகரத்துக்கும் வைத்தார். பிறகு, இனிக் காப்பாற்ற இயலாத சில வீடுகளை மட்டும் அகற்றுவது, ஏற்கெனவே காலியாகக் கிடக்கும் மனைகளை இணைத்துச் சிறு வெளிகள் உண்டாக்குவது, அங்கே மரம் நடுவது, முடுக்குகளில் இடறும் மூலைகளைச் சற்றே செதுக்குவது என்று முடித்துக்கொண்டார். காக்கும் அறுவை மருத்துவம் என்பது அதற்கு அவர் இட்ட பெயர். தஞ்சைக் கோட்டைப் பகுதிக்கு நகராட்சி வைத்திருந்த திட்டத்தையும் தம்முடையதையும் அருகருகே வைத்து, தம்முடையதில் குடியிழப்போரும் செலவும் எவ்வளவு குறைவு என்று காட்டினார். இந்த ஒப்பீடுதான் பொருளியல் படித்த என்னைக் கட்டிப்போட்டது. இழப்பீடு என்ற ஒரு வரிக்குள் அடங்காத செலவுகள், அதாவது பிழைப்பு, அயல் வீட்டு உறவு, கடன் தரும் கடைக்காரர், நிழல் ஆகியவை, அவருடைய கணக்கில் வந்துவிடுகின்றன.

தென்னாட்டுக் கோயில் நகரங்களை அவர் பெரிதும் மதித்தார். தேர் திரும்ப வேண்டும் என்ற தேவையே தெருவின் அகலத்தை வகுத்திருப்பதை அவர் கண்டுகொண்டார். மாதங்களின் பெயரால் ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று சுற்றிச் சுற்றி விரியும் மதுரையைப் பிற்போக்கான குழப்பம் என்று பார்த்த கண்களுக்கு நடுவில், அதை உயர்ந்த நகரமைப்பாகப் பார்த்த கண் அது.

குளங்களைப் பற்றி அவர் இந்திய அறிக்கைகளில் மீண்டும் மீண்டும் எழுதியது இன்றைக்கு இன்னும் பொருந்தும். மலேரியா கொசுவுக்குக் குளமே காரணம் என்று சொல்லி ஊர்க்குளங்களைத் தூர்க்கும் வேகம் அக்காலச் சுகாதார அதிகாரிகளிடம் இருந்தது. உயிரியல் படித்த கெடிஸ், குளத்தைத் துப்புரவு செய்து மீன் விடுங்கள், வாத்து விடுங்கள், புழுக்களை அவை தின்னும் என்றார். மழை வெள்ளத்தை ஏந்திக்கொள்ளவும் கோடையில் காற்றைக் குளிர்விக்கவும் குளம் வேண்டும் என்று வாதிட்டார். அவர் சொன்னது எல்லா ஊரிலும் கேட்கப்படவில்லை. தல்லாகுளம், சொக்கிகுளம், பீபிகுளம் என்ற எங்கள் ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பார்த்தாலே போதும்.

அவரை முழுமையாகப் புகழ்ந்துவிட எனக்கு விருப்பமில்லை. பழைய தெருவை அதன் உயிரோடு காப்பது நல்லதுதான். ஆனால் நம் பழைய தெருக்கள் சாதியால் வகுக்கப்பட்டவை. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்ற அமைப்பும் அந்த உயிரின் பகுதியாகவே இருந்தது. காக்கும் மருத்துவம் அதையும் காத்துவிடாதா? இந்தியக் கிராமத்தைப் பற்றி அரசமைப்பு அவையில் அம்பேத்கர் எழுப்பிய கண்டனத்தை நினைப்பவர்க்கு இக்கேள்வி எழாமலிராது. கெடிஸின் எழுத்தில் இதற்குத் தெளிவான விடை எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் செயலில் ஒரு குறிப்பு கிடைக்கிறது. இந்தூரில் பிளேக் நோய் அச்சுறுத்திய காலம். இடிக்க வந்தவர் என்று மக்கள் தம்மைக் கண்டு அஞ்சுவதை அறிந்த கெடிஸ், மகாராஜாவிடம் ஒரு நாள் அதிகாரத்தைக் கேட்டுப் பெற்றார். தீபாவளி ஊர்வலம் எந்தத் தெரு வழியே போகும் என்பதை முன்கூட்டிச் சொல்லவில்லை. எந்தத் தெரு நன்றாகத் துப்புரவு செய்யப்பட்டு வீடுகள் செப்பனிடப்பட்டுள்ளனவோ அதன் வழியே போகும் என்று அறிவித்தார். ஊரே துடைப்பம் எடுத்தது. ஊர்வலத்தில் அழுக்கு அரக்கனும் பெரிய எலியும் போயின. அவற்றைத் தொடர்ந்து, புத்தாடையும் மாலையுமாகத் துப்புரவுத் தொழிலாளர்கள் வந்தார்கள். அவர்களுக்கு அவர் எல்லார் முன்னிலையிலும் வணக்கம் செலுத்தினார். இக்கதையை அவரே நண்பர்களிடம் சுவைபடச் சொல்லிவந்தவர் என்பதால் கொஞ்சம் உப்பு புளி கூடியிருக்கலாம். இருந்தாலும், அபராதம் விதிக்காமல் ஊக்கத்தொகையும் தராமல் ஒரு நகரம் சுத்தமானதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை என் வகுப்புகளில் நான் சொன்னதில்லை. இந்தூர் அறிக்கை 1918-இல் இரண்டு தொகுதிகளாக வந்தது. அவருடைய இந்தியப் பணிகளில் அதுவே பெரியது.

அந்த அறிக்கைக்கு முந்தைய ஆண்டு அவர் வாழ்வில் கொடியது. 1917 ஏப்ரலில் மூத்த மகன் அலஸ்டேர் பிரான்சுப் போர்முனையில் இறந்தான். தந்தையுடன் இந்தியா வந்து கண்காட்சியில் உழைத்த பிள்ளை. செய்தி வந்தபோது ஆனா காய்ச்சலில் படுத்திருந்தார். கெடிஸ் அதை அவரிடம் சொல்லவில்லை. ஜூன் மாதம் கல்கத்தாவில் ஆனா இறந்தார், மகன் இறந்தது தெரியாமலே. அந்தச் சில வாரங்களில் அந்த மனிதர் எப்படி நடமாடினார் என்று நான் யோசித்ததுண்டு. அவர் வேலையை நிறுத்தவில்லை. லாகூர், டாக்கா, பல்ராம்பூர், பிறகு 1921-இல் கொழும்பு என்று அறிக்கைகள் வந்துகொண்டே இருந்தன. ஜகதீச சந்திர போஸின் வாழ்க்கையை 1920-இல் நூலாக எழுதினார். தாகூரின் பல்கலைக்கழகத்துக்கு யோசனைகள் தந்தார். 1919 முதல் 1924 வரை பம்பாயில் பேராசிரியர். நம் நாட்டுச் சமூகவியலின் முன்னோடியான குர்யேயை மேற்படிப்புக்கு இங்கிலாந்து அனுப்பியவரும் அவரே. வகுப்பில் அவர் பேச்சு தாடிக்குள்ளேயே நின்றுவிடும் என்று மாணவர்கள் குறைப்பட்டார்களாம். எழுத்தும் அப்படித்தான், ஒரு வாக்கியத்துக்குள் நாலு வாக்கியங்கள் நெருக்கியடிக்கும். அவற்றுக்கு அவர் காக்கும் அறுவை மருத்துவம் செய்திருக்கலாம்.

உடல்நலம் கெட்டு 1924-இல் இந்தியாவை விட்டுச் சென்றார். தென் பிரான்சின் மோன்பெல்லியே நகருக்கு வெளியே கல்லும் முள்ளுமான சரிவொன்றை வாங்கி, மாணவர் விடுதி கட்டி, படிப்படியாகத் தோட்டம் போட்டார். ஒருமுறை மறுத்த 'சர்' பட்டத்தை 1932 தொடக்கத்தில் ஏற்றார். அவ்வாண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் அங்கேயே இறந்தார். இந்தியா விடுதலை பெற்ற 1947-இல் ஜாக்குலின் டிர்விட் என்பவர் அவருடைய இந்திய அறிக்கைகளிலிருந்து பகுதிகளைத் தொகுத்து நூலாக்கினார். அரசு அலுவலக அலமாரிகளில் கிடந்த பக்கங்கள் உலகத்தின் கைக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

நான் குடியிருக்கும் கோச்சடை, வைகையின் தென்கரையில் மதுரைக்கு மேற்கே உள்ளது. அய்யனார் கோயில் மண்குதிரைகளும் நெல்வயலுமாக இருந்த ஊர். மேலக்கால் சாலையில், 1970-களின் தொடக்கத்தில் ஆலை நிறுவனம் ஒன்றுக்காக இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த மனமகிழ் மன்ற வளாகம் உண்டு. நிலத்துக்கும் மரங்களுக்கும் கட்டடம் எப்படி அடங்கி நடக்கும் என்பதை அங்கே காணலாம். இப்போது அது விடுதி. அதைச் சுற்றி நன்செய் ஏறக்குறைய முழுவதும் மனைகளாகிவிட்டது. வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோன வாய்க்கால்கள் எங்கே போயின என்று கேட்டால், கழிவுநீர் எங்கே போகிறது என்பதைக் காட்டுகிறார்கள். துவரிமான் பக்கத்திலிருந்து நகருக்குள் ஓடிவந்த கிருதுமால் நதியின் கதியும் அதுதான். வைகையிலிருந்து வாய்க்கால் வழியே நிரம்பும் மாடக்குளம் கண்மாய் மட்டும் இந்தப் பக்கத்தின் நிலத்தடி நீரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு சென்ட் மனையின் விலையில் அந்தக் கண்மாயின் பங்கு எவ்வளவு என்று பத்திரப் பதிவில் எங்கும் எழுதுவதில்லை.

2024 அக்டோபரில் ஒரே நாளில் பெய்த கனமழையில் செல்லூரும் வடமதுரையின் தாழ்வான பகுதிகளும் மூழ்கின. உடனே, செல்லூர்க் கண்மாயிலிருந்து வைகைக்குச் சிமென்ட் வாய்க்கால் அமைக்க அரசு உத்தரவிட்டது. அவசரத்துக்கு அது வேண்டியதுதான். ஆனால் அது நோய்க்குறிக்கு மருந்து. மேற்கே இன்னும் மூடப்படாமல் எஞ்சியுள்ள வாய்க்கால்கள், மடைகள், கலுங்குகள், ஊருணிகள், அரசமரத்து மேடைகள் எவை, எவற்றின் மேல் வீடு நிற்கிறது, எவற்றை எவரையும் குடிபெயர்க்காமலே மீட்கலாம் என்று வார்டு வார்டாகக் குறித்த வரைபடம், புதிய மனைப்பிரிவுகளுக்கு ஒப்புதல் தருமுன் அதிகாரிகளின் மேசையில் இருக்க வேண்டும். 1920-இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. 1971-இல் அதன் இடத்தில் புதுச் சட்டம் வந்தது. கெடிஸ் கேட்ட தெருவளவு, மரமளவு வரைபடத்துக்குப் புதிதாக ஒரு சட்டம் தேவையில்லை. மதுரைக் கல்லூரிகளின் புவியியல், பொருளியல், தாவரவியல் மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் நடந்தே முடித்துவிடக்கூடிய வேலை அது. வாய்க்கால் இருந்த இடத்தை விரலால் காட்டக்கூடிய முதிய உழவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். துவரிமானில் தொடங்கிக் கோச்சடை வழியாக மாடக்குளம் வரை வரலாம்.